வெட்டிங் பாரம் நிரப்பும் முன்: பழைய கேஸ், பழைய கடன் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் கம்பெனி மலேசியாவின் புத்ராஜெயாவில் அரசாங்கக் கட்டடங்களுக்குள் ஏர்கான், கேபிள், சர்வர் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறது. ஆள் எடுப்பதும் அவர்களின் பேப்பர் வேலையும் என் தலையில், அலுவலகம் செந்தூலில். பையன் நல்ல வேலைக்காரனாக இருப்பான், சம்பளமும் பேசி முடித்திருப்போம், "தம்பி, வெட்டிங் பாரம் ஒன்று நிரப்பணும்" என்றதும் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு "அக்கா, ஒரு பழைய விஷயம் இருக்கு" என்று ஆரம்பிப்பான். அந்தப் பழைய விஷயம் பெரும்பாலும் கேஸ், இல்லாவிட்டால் கடன், சில சமயம் இரண்டும். வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி விரல் தேய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கேஸ் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

அக்கா, இந்த வெட்டிங் என்பது என்ன? நான் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவன், எனக்கு என்ன ரகசியம்?

மலாயில் தாப்பிசான் கெசெலாமாத்தான், அதாவது பாதுகாப்புச் சோதனை. பிரதமர் துறையின் கீழ் இருக்கும் அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம், எல்லோரும் சிஜிஎஸ்ஓ என்கிறார்களே அதுதான், இ-வெட்டிங் என்கிற இணைய முறையில் இதைச் செய்கிறது. அரசாங்க ரகசியத் தாள்களுக்கு மேலிருந்து கீழாக நான்கு படி உண்டு: ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட். கீழே உள்ள இரண்டுக்கும் காசார் என்கிற மேலோட்டமான சோதனை, மேலே உள்ள இரண்டுக்கும் ஹாலுஸ் என்கிற நுணுக்கமான சோதனை. கூரைக்கு மேல் கேபிள் இழுக்கிறவன் கண்ணுக்கு எந்த மேசையில் என்ன தாள் கிடக்கிறது என்று தெரியும், சர்வர் அறைச் சாவி கையில் இருக்கும், அதனால்தான் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவனுக்கும் இது வருகிறது. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1972 உங்களுக்கும் பொருந்தும்.

செக்யூரிட்டி கார்டு வேலைக்கும் விமான நிலைய பாஸுக்கும் போலீஸ் சோதனை தனி. அங்கேயும் கிளறுவது இதே பழைய விஷயங்களைத்தான்.

லாக்கப்பில் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். கேஸ் போடவில்லை. எனக்குக் குற்றப் பதிவு இருக்கிறதா?

பிடிபட்டது வேறு, தண்டனை பெற்றது வேறு. கேஸே போடவில்லை என்றால் நீங்கள் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஆனால் பாரத்தில் இருக்கும் கேள்வியை நிதானமாகப் படியுங்கள், நம் ஆட்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மலாயில் மூன்று சொல்: தித்தாங்காப் என்றால் கைது செய்யப்பட்டீர்களா, திடாக்வா என்றால் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டீர்களா, டிசாபித்கான் என்றால் குற்றவாளி என்று தீர்ப்பானதா. மூன்றாவதைக் கேட்டால் உங்கள் பதில் 'இல்லை', அதில் பொய் எதுவும் கிடையாது. முதலாவதைக் கேட்டால் 'ஆம்', என்றைக்கு, எந்தப் போலீஸ் நிலையம், எப்போது விட்டார்கள் என்று எழுத வேண்டியதுதான்.

குற்றத் தடுப்புச் சட்டமான போக்கா, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா ஆகிய சட்டங்களில் உள்ளே இருந்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல். போக்காவில் கோர்ட்டுத் தண்டனை இல்லாமலேயே பெயர் பதிவேட்டில் ஏறும், கண்காணிப்பு உத்தரவும் வரும். "எனக்குக் கன்விக்ஷன் இல்லையே" என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் போலீஸ் கோப்பில் பெயர் இருக்கிறது என்பதும் உண்மை. 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்த சமயத்தில் கையில் கும்பல் நம்பரைப் பச்சை குத்திய பையன்கள் எத்தனை பேர், இன்று முப்பது முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு வேலை தேடுகிறார்கள். அவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுது, முடிவு செய்வது அவர்கள், என்று சொல்லி உட்கார வைக்கிறேன்.

அபராதம்தானே கட்டினேன், ஜெயிலுக்கா போனேன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் எனக்குப் பாதி தலைமுடி நரைத்தது. கோர்ட்டில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லி அபராதம் கட்டினீர்கள் என்றால் அது தண்டனைதான். அபராதமும் தண்டனையின் ஒரு வகை.

ஒருவர் வந்தார், நாற்பது வயது, சொந்தக்காரர் கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் தகராறில் ஒருவனை அறைந்திருக்கிறார். குற்றவியல் சட்டம் 323ஆவது பிரிவு, வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தியது. அதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். இவர் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்து, அதைச் சம்மன் கட்டியது மாதிரி நினைத்துக்கொண்டு பதினாலு வருஷம் ஓட்டிவிட்டார். பாரத்தில் 'இல்லை' என்று அடித்திருந்தார். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பேச்சுவாக்கில் அந்தக் கல்யாணக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லாமல் இருந்திருந்தால் அந்த 'இல்லை' அப்படியே போயிருக்கும்.

சாலைச் சம்மன் அப்படியில்லை. வேகமாக ஓட்டியதற்குக் காம்பவுண்ட் கட்டினால் விஷயம் கோர்ட்டுக்குப் போகாமலேயே முடிந்துவிடுகிறது. குடித்துவிட்டு ஓட்டிக் கோர்ட்டுக்குப் போனது அந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் கோர்ட்டுக்குப் போன எல்லாமே பதிவா?

இல்லை. என்ன உத்தரவில் வெளியே வந்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும், அது பெரும்பாலோருக்கு ஞாபகமே இருக்காது. "வக்கீல் பேசினார், நீதிபதி ஏதோ சொன்னார், வீட்டுக்குப் போ என்றார்கள்" என்பதுதான் கிடைக்கும் தகவல்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் விட்டிருந்தால், குற்றம் நிரூபணமானாலும் தண்டனைத் தீர்ப்பைப் பதிவு செய்யாமல், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டோ சும்மாவோ விட்டுவிட்டார்கள் என்று பொருள். அதே சட்டத்தின் 294ஆவது பிரிவிலும் நன்னடத்தைப் பத்திரம்தான், ஆனால் அங்கே குற்றத் தீர்ப்பு பதிவாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, பாரத்தில் பதில் நேர்மாறு. மூன்றாவது ஒன்று உண்டு, டிஎன்ஏஏ என்பார்கள், விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு. அதில் தண்டனை இல்லை, ஆனால் அரசாங்க வக்கீல் நினைத்தால் கேஸைத் திரும்பக் கொண்டுவரலாம். கேஸ் நம்பரும் வருஷமும் தெரிந்தால் கோர்ட்டுப் பதிவகத்தில் உத்தரவின் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

எத்தனை வருஷம் போனால் தானாக அழியும்?

அழியாது. குற்றவாளிகள், விரும்பத்தகாதவர்கள் பதிவுச் சட்டம் 1969 என்று ஒன்று இருக்கிறது. பதிவு செய்யத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவரின் கைரேகையும் விவரமும் அதன்படி போலீஸின் குற்றப் பதிவாளரிடம் போகிறது. சில நாடுகளில் இத்தனை ஆண்டு ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டாம் என்று சட்டம் உண்டு. நம் நாட்டில் பெரியவர்களுக்கு அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் காலத்துக்கும் ஒரு மதிப்பு வேண்டும், இருபது வயதில் செய்ததை ஐம்பது வயதிலும் சுமக்க வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் பதிவு அழியாது என்பதால் வேலை கிடைக்காது என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு பழையது, என்ன குற்றம், திரும்ப நடந்ததா, எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்பதெல்லாம் எடை போடுகிற விஷயங்கள். கணக்குப் பிரிவுக்கு வருகிறவருக்கு ஒரு திருட்டுக் கேஸ் இருப்பதும் ஏர்கான் பையனுக்கு ஒரு அடிதடி இருப்பதும் சமமாகாது.

பதினாறு வயதில் பிடிபட்டேன்.

2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் சிறார் நீதிமன்றம் கையாண்ட பிள்ளைக்குத் 'தண்டனைத் தீர்ப்பு' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது. டிசாபித்கான் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்பதை அந்தக் கோர்ட்டுப் பேப்பரோடு ஒரு வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

யூரின் டெஸ்ட்டில் மாட்டினேன்.

அபாயகர போதைப்பொருள் சட்டம் 1952, 15ஆவது பிரிவு. 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை, அதற்கப்புறம் 38பி பிரிவில் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு ஏஏடிகே, அதாவது தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் கண்காணிப்பு. அபராதத்தைக் கட்டிவிட்டுக் கண்காணிப்புக்கு ஒழுங்காகப் போகாதவர்கள் உண்டு. அது இன்னொரு கேஸாக வளர்ந்து நிற்கும். கண்காணிப்பை முடித்தவர் என்றால் முடித்ததற்கான பேப்பரை வாங்கி வையுங்கள். அந்த ஒரு பேப்பர் பேசுகிற அளவுக்கு நீங்கள் வாயால் பேசி எதுவும் ஆகாது.

சரி, கடனுக்கு வருவோம். கடன் குற்றமா? எதற்கு அதைக் கேட்கிறார்கள்?

கடன் குற்றமில்லை. கழுத்து வரை கடனில் இருப்பவனை யாராவது விலைக்கு வாங்கிவிடலாம் என்கிற பயம்தான். ஒரு கோப்பை ஃபோட்டோஸ்டேட் எடுத்துக் கொடு, ஐயாயிரம் வெள்ளி தருகிறேன் என்று ஒருவன் வந்தால், வீட்டு வாசலில் வட்டிக்காரன் நிற்கிற ஆளுக்கு அது பெரிய தொகை.

எவ்வளவு கடன் இருந்தால் பிரச்சினை?

அரசாங்க ஊழியருக்கு ஓர் அளவு எழுதியே வைத்திருக்கிறார்கள். 1993ஆம் ஆண்டு பொதுத்துறை அதிகாரிகள் நடத்தை ஒழுங்கு விதிகளில் 'கடுமையான கடன்பட்ட நிலை' என்று ஒன்று வருகிறது. அடமானம் இல்லாத கடன்கள் எல்லாம் சேர்ந்து மாதச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் அந்த நிலை. 2,800 ரிங்கிட் சம்பளக்காரருக்கு 28,000. கிரெடிட் கார்டும் தனிநபர் கடனும் இந்தக் கணக்கில் வரும், வீட்டை அடமானம் வைத்து வாங்கிய வீட்டுக்கடன் வராது. கோர்ட்டுத் தீர்ப்பான கடனை ஒரு மாதத்துக்குள் தீர்க்காமல் இருந்தாலும், திவாலானாலும் அதே நிலைதான், ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். தவிர்க்க முடியாத துரதிர்ஷ்டத்தால் வந்த கடன் என்றால் அரசாங்கம் உதவலாம் என்றும் அதே விதியில் ஒரு வரி இருக்கிறது; அதை யாரும் படிப்பதில்லை.

நீங்கள் குத்தகைக் கம்பெனி ஆள் என்றால் இந்த விதி உங்களை நேராகக் கட்டாது. ஆனாலும் நான் என் பையன்களுக்கு இதே பத்து மடங்கை அளவுகோலாக வைத்துத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

காரை இழுத்துட்டுப் போயிட்டாங்க. அதோடு கடன் முடிந்தது இல்லையா?

முடியவில்லை. நம் சமூகத்தில் பாதிப் பேர் கவிழ்ந்தது இந்த ஒரு தப்புக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு, பாக்கி 38,000 இருக்கும்போது தவணை கட்டாமல் வங்கி காரை இழுக்கிறது. ஏலத்தில் 17,000க்குப் போகிறது. மீதி 21,000, அதோடு இழுத்த செலவு, ஏலச் செலவு, வட்டி, வக்கீல் ஃபீஸ், எல்லாம் இன்னும் உங்கள் பெயரில். கடிதம் அடையாள அட்டையான ஐசியில் இருக்கும் பழைய விலாசத்துக்குப் போகிறது, நீங்கள் அந்த ஃபிளாட்டை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. கோர்ட்டு நாளில் நீங்கள் வரவில்லை, எனவே வராதவருக்கு எதிரான தீர்ப்பு, மலாயில் பெங்ஹாகிமான் இங்கார், எழுதப்பட்டுவிடுகிறது. உங்களுக்கு எதுவும் தெரியாது. எங்கே தெரிகிறது? என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சிதோஸ் என்கிற கடன் வரலாற்று அறிக்கையைத் திறக்கும்போது.

ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருஷக் கெடு. அந்தக் கெடுவுக்குள் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள் என்றால் அதை நிறைவேற்றப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. "பழைய கடன், மறந்திருப்பார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மச்சான் காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை.

மச்சானோடு தீபாவளிக்குப் பேசுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. சட்டத்தைச் சொல்கிறேன். 2017 அக்டோபர் 6இல் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து, லாபம் எதுவும் இல்லாமல் சொந்த உபயோகக் காருக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, படிப்புக் கடனுக்கோ ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது. சமூக ஜாமீன்தாரர் என்று பெயர். ஆனால் வங்கி உங்கள் மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவதை அது தடுக்காது. திவால் இல்லை, தீர்ப்பு உண்டு, பாரத்தில் அந்தத் தீர்ப்பைக் கேட்டால் எழுத வேண்டும்.

சிசிரிஸ், சிதோஸ் இரண்டும் ஒன்றா? அதில் பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறேனா?

சிசிரிஸ் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவேடு, சிதோஸ் தனியார் நிறுவனம். இரண்டிலும் 'பிளாக்லிஸ்ட்' என்று ஒன்றும் கிடையாது, அது வங்கிக் கவுண்டரில் பிறந்த வார்த்தை. சிசிரிஸை இ-சிசிரிஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பன்னிரண்டு மாதத்துக்கு எண்கள் வரிசையாக இருக்கும்: 0 என்றால் பாக்கி இல்லை, 1 என்றால் ஒரு மாதம் பிந்தியது, 2 என்றால் இரண்டு. 3, 3, 2, 1, 0, 0 என்று இறங்கி வந்திருக்கும் வரிசையைப் பார்த்தால் எனக்கே ஒரு சந்தோஷம். அவன் எங்கேயோ ஓவர்டைம் செய்து அடைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். கோர்ட்டு வழக்கு, திவால் விஷயங்களுக்குச் சிதோஸைப் பாருங்கள். அதிகாரி பார்க்கும் முன் நீங்கள் பாருங்கள், இதற்கு மேல் இதில் சூட்சுமம் எதுவும் இல்லை.

ஆலோங், அதாவது லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரன், கொடுத்த கடன் எதிலும் வராதே?

அறிக்கையில் வராது, வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்டாக வரும். வேலை செய்யும் இடத்துக்கு ஃபோனும் வரும், அதுதான் பாதுகாப்புக்காரர்கள் அதிகம் பயப்படுகிற கடன். லைசன்ஸ் உள்ள வட்டிக்காரர் கூட அடமானத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாமல் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. மிரட்டல் வந்திருந்தால் போலீஸ் புகார் செய்து அந்த நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திவால். கதை முடிந்ததா?

கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் நீங்கள் உண்மையிலேயே திவாலா என்று பாருங்கள், பாதிப் பேர் தீர்ப்பு வந்ததையே திவால் என்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள். 2021 முதல் 100,000 ரிங்கிட்டுக்குக் குறைந்த கடனுக்குத் திவால் மனு போட முடியாது. அதற்கு முன் 50,000, அதற்கும் முன் 30,000 இருந்தது. அந்த 30,000 காலத்தில் ஒரு வேனுக்காக மாட்டியவர்கள்தான் இப்போதும் வருகிறார்கள். திவால் துறையில் பெயர் தேடிப் பார்க்கலாம், விடுவிப்புக்கு என்ன வழி என்று அங்கேயே கேட்கலாம். விடுவிக்கப்பட்டவர் என்றால் அந்தச் சான்றிதழ்தான் உங்கள் முதல் இணைப்பு.

பிதிபிதிஎன்?

அரசாங்கம் கொடுத்த படிப்புக் கடனும் கடன்தான். கட்டாமல் இருந்தால் தவணையைச் சின்னதாக மாற்றிக் கேட்டு இந்த மாதமே முதல் தவணையைக் கட்டி ரசீது எடுங்கள்.

ஒரேயடியாகக் கட்டக் காசில்லை. என்ன செய்வது?

ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை அமைப்பு. பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, சேவை இலவசம், எல்லா வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு தவணைத் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். ஃபேஸ்புக்கில் 'சிசிரிஸ் கிளீன் செய்து தருகிறோம்' என்று 1,500 வெள்ளி கேட்கிறவர்களிடம் போய் ஏமாறாதீர்கள்.

பினாங்கில் பாயான் லெப்பாசில் அமெரிக்கக் கம்பெனியில் வேலை. அங்கே 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' வேண்டுமாமே?

அமெரிக்க அரசாங்க கிளியரன்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கானது. இன்டெல் அங்கே 1972இல் வந்ததிலிருந்து நம் ஆட்கள் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. உங்களிடம் கேட்பது சாதாரணப் பின்னணிச் சோதனை.

ஆனால் கிளியரன்ஸுக்கு ஆளை எப்படி எடை போடுவது என்பதை அமெரிக்க அரசாங்கத்தார் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள், 2017 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள 13 வழிகாட்டி விதிகள், அதில் எஃப் என்பது பணம், ஜே என்பது குற்றம். எனக்கு அதைப் படித்தபோது பல விஷயம் தெளிந்தது. வேலை போனது, நோய், விவாகரத்து, சாவு போன்ற கையை மீறிய காரணத்தால் கடன் வந்ததா, வந்தபின் பொறுப்பாக நடந்தீர்களா, நல்லெண்ணத்தோடு கட்ட ஆரம்பித்துவிட்டீர்களா என்று எஃப் கேட்கிறது. எவ்வளவு காலம் ஆயிற்று, நஷ்டஈடு கொடுத்தீர்களா, வேலையில் பேர் எப்படி என்று ஜே கேட்கிறது. அவர்களின் எஸ்எஃப்-86 என்கிற பாரத்தில் 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்த கடனை ஏழு வருஷத்துக்குச் சொல்ல வேண்டும். 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதத்தை, மதுவோ போதையோ சம்பந்தப்படாவிட்டால், எழுத வேண்டாம். ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்று ஓராண்டாவது உள்ளே இருந்தவருக்கு மிக உயர்ந்த சில ரகசியங்கள் கிடையாது என்று தனிச் சட்டமும் உண்டு. மற்றபடி இத்தனை கடன் என்றால் கதவு சாத்தப்படும் என்று ஒரு எண் எங்கேயும் இல்லை. இது அவர்கள் நாட்டு விதி, நம் பாரத்தில் மேற்கோள் காட்டாதீர்கள், ஆனால் விளக்கக் கடிதம் எழுதும்போது எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு நல்ல வழிகாட்டி.

எழுதாமல் விட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது?

போலீஸ் பதிவைப் பார்ப்பவர்களிடம் போலீஸ் கேஸை மறைப்பது எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை. சத்தியப் பிரமாணத்தோடு, அதாவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுராட் அக்குவான் எழுதிக் கொடுத்துப் பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். பழைய 323ஐ ஒரு பத்தியில் விளக்கிவிடலாம், இன்றைக்குச் சொன்ன பொய்யை எந்தப் பத்தியில் விளக்குவீர்கள்? முன்பு ஒரு பையன், கேஸ் ஒன்றுமே இல்லாத மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் தூங்கவில்லையாம். கடைசியில் அவனே வந்து, திருத்திக் கொடுக்கலாமா என்றான். திருத்தினோம். அவன் கேஸ் என்ன தெரியுமா, சிறு குற்றச் சட்டம் 1955இன் 14ஆவது பிரிவு, கடைத்தெருவில் வாய்ச்சண்டை, அதிகபட்ச அபராதமே 100 ரிங்கிட்.

விளக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். எந்த நாள், எந்தக் கோர்ட்டு, கேஸ் நம்பர், எந்தப் பிரிவு, என்ன தண்டனை, எப்போது கட்டி முடித்தீர்கள், அதற்கப்புறம் எங்கே வேலை செய்தீர்கள். கடன் என்றால் ஏன் வந்தது, இன்று பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள். அப்பா சரியில்லை, சகவாசம் சரியில்லை என்று மூன்று பக்கம் அழ வேண்டாம். எதிராளி மேல்தான் தப்பு என்று வாதாடவும் வேண்டாம், அந்த வாதம் கோர்ட்டிலேயே முடிந்துவிட்டது. மலாய் சரளமாக வராவிட்டால் தமிழில் என்னிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன், ஆனால் எனக்குச் சொன்னதைத்தான் எழுதுவேன்.

ரசீதுகளைக் கடிதத்தோடு இணையுங்கள். தவணை ரசீதெல்லாம் பெரும்பாலும் மெழுகுத்தாள் மாதிரியான அந்த ரசீதுத் தாளில் இருக்கும், பர்ஸில் மடித்து வைத்தால் ஒரு வருஷத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். நேற்றுகூட ஒருவர் ஒரு கட்டு வெற்றுத் தாளை நீட்டி, இதெல்லாம் நான் கட்டியதுதான் அக்கா என்றார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில் இரண்டில் மட்டும் தேதி தெரிந்தது. அந்த இரண்டையும் உடனே ஃபோட்டோஸ்டேட் எடுத்தோம், மற்றதற்கு வங்கியில் ஸ்டேட்மென்ட் கேட்டு எழுதியிருக்கிறோம்.